வாடைக்காலத்தில் தூத்துக்குடித் துறைமுகக் கரையிலும் உப்பளங்களிலும் பறவை நோக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடிக்குப் பறவை பார்க்க வரும் புதியவர்களில் பெரும்பாலோர் நல்ல இருநோக்கியும் நல்ல கையேடும் வைத்திருந்தும் பாதி நாளை வெறுமனே கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். பறவைகளை அடையாளம் காணத் தெரியாததைவிட, தவறான நேரத்தில் தவறான இடத்தில் நின்றதே இதற்குக் காரணமாக இருக்கிறது. இந்தக் கரையில் முதலில் தண்ணீரையும், அடுத்து வெயிலையும் பார்க்க வேண்டும். பறவையின் முறை மூன்றாவதாகத்தான் வரும். கீழ்வரும் படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

1. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

வலசைக் கரைப்பறவைகள் ஆகஸ்டு இறுதியிலேயே வரத் தொடங்கிவிடுகின்றன. ஆயினும் புதியவர்கள் டிசம்பர் நடுப்பகுதிக்கும் பிப்ரவரி இறுதிக்கும் இடையே வருவதே நல்லது. அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை உப்பளங்களை நிரப்பிவிடுவதால், குட்டைக்கால் பறவைகள் நின்று மேய இடம் இருப்பதில்லை. வரப்புகளும் கால் வைத்தால் வழுக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இம்மாவட்டத்தில் கொட்டிய பெருமழையை நினைவில் கொண்டால், டிசம்பர் முழுவதும் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் புறப்படக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் உப்பளத் தொழிலாளர்கள் தேங்கிய நீரை வடித்துப் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். நீர் வடிய வடியப் புதிய சேறு வெளிப்படும்; பறவைகள் அங்கே குவியும். நான் ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் ஜனவரியின் கடைசி இரு வாரங்களைத்தான் தேர்ந்தெடுப்பேன். காணும் பொங்கலன்று மட்டும் முயல் தீவுக் கடற்கரைப் பக்கம் போக வேண்டாம். அன்று அங்கே மக்கள் கூட்டம் நிரம்பியிருக்கும், பறவைகள் விலகியிருக்கும்.

2. ஓதமும் (கடலின் ஏற்ற வற்றமும்) வெயிலும் ஒத்துவரும் நாளைக் கண்டறிதல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். கடல் ஏறும்போது கரையோரச் சேற்றுவெளிகள் மூழ்கிவிடுவதால், அங்கே மேய்ந்த பறவைகள் உப்பளங்களுக்கு வந்து ஒதுங்கும். கடல் வற்றத் தொடங்கியதும் மீண்டும் சேற்றுவெளிக்குத் திரும்பும். ஆகவே ஏற்றத்தின்போது உப்பளத்திலும், வற்றத்தை ஒட்டிய நேரத்தில் சேற்றுவெளியிலும் நாம் இருக்க வேண்டும். என் முதல் பருவத்தில் இது தெரியாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், கடல் நன்றாக வற்றியிருந்த காலை வேளைகளில், உப்பளத்து வரப்பில் நின்று நெடுங்கால் உள்ளான்களை மட்டும் எண்ணிவிட்டு, "இந்த ஆண்டு பறவை குறைவு" என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

இதனுடன் வெயிலையும் பொருத்த வேண்டும். கிழக்கு நோக்கிய கரை என்பதால் காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் முகத்தில் அடிக்கும். எல்லாப் பறவையும் கருநிழலாகவே தெரியும். திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காட்டுக்கும் பழையகாயலுக்கும் இடையே உள்ள உப்பளங்களில், சாலைக்கு மேற்கே இருப்பவற்றைக் காலையில் பார்த்தால் வெளிச்சம் முதுகுப்பக்கமிருந்து விழும். கடலோரச் சேற்றுவெளிகளைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் கிழக்கு நோக்கிப் பார்த்தால் அதே வசதி கிடைக்கும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே ஏற்றம் உச்சத்தை அடையும் நாளே சிறந்த நாள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருப்பதால், அன்று பிற்பகல் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் கடல் வற்றி மீண்டும் ஏறத் தொடங்கும். ஏறும் நீர் சேற்றில் மேயும் பறவைகளை அடி அடியாக நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். நாம் அவற்றை நெருங்க வேண்டியதே இல்லை.

ஏற்ற நேரத்தை இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணையிலோ கைப்பேசிச் செயலியிலோ பார்த்துக்கொள்ளலாம். நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், சென்ற வாரத்து நேரத்தை இந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடாது. மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், வாடைக்காற்று பலமாக வீசும் நாள்களில் காற்று ஒதுக்கும் நீரே கணக்கைப் புரட்டிவிடும். அட்டவணை வற்றம் என்று சொல்லியும் சேறு வெளிப்படாமல் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வேறுபாடு அதிகமாக இருக்கும் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

3. அனுமதி

வ.உ.சிதம்பரனார் துறைமுக வளாகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. வாயிலுக்கு அருகே நின்று இருநோக்கியைத் தூக்குவதும், முக்காலியை விரித்துத் தொலைநோக்கியைக் கப்பல்களின் பக்கம் திருப்புவதும் தேவையற்ற விசாரணையில்தான் முடியும். காவலர்கள் கேட்பதும் நியாயமே. பொதுமக்கள் செல்லக்கூடிய கடற்கரைச் சாலையும் ரோச் பூங்காப் பகுதியும் முயல் தீவுக் கரையும் நமக்குப் போதும். கரைக்கு அப்பால் தெரியும் வான் தீவு உள்ளிட்ட 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியின்றி அவற்றில் கால் வைக்கக்கூடாது. மீன்பிடிப் படகுக்காரர் அழைத்தாலும் ஏறாதீர்கள்.

உப்பளங்கள் ஒருவருடைய பிழைப்பிடம். சாலையிலிருந்தே பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை; வரப்பில் இறங்குவதானால் காவல் குடிசையில் இருப்பவரிடம் முதலில் பேச வேண்டும். "அண்ணாச்சி, பறவை பாக்க வந்துருக்கோம், வரப்போட போயிட்டு வந்துரலாமா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, எந்தத் தெப்பத்தில் (உப்பளத்து நீர்த்தேக்கத்தில்) நேற்றுப் பூநாரை நின்றது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். பாத்திக்குள் மட்டும் இறங்கவே கூடாது. மிதித்து மிதித்து இறுக்கிய களித்தளம் அது. ஒரு செருப்புத் தடம் விழுந்தாலும் அடுத்து வாரும் உப்பில் மண் கலக்கும்.

4. எடுத்துச் செல்ல வேண்டியவை

எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பும் கொண்ட இருநோக்கி போதும். பத்து மடங்கு இன்னும் நெருக்கிக் காட்டும் என்று வாங்குபவர்கள், வாடைக்காற்றில் கை நடுங்கும்போது அதன் பயனை இழந்துவிடுகிறார்கள். குழுவில் ஒருவரிடமாவது முக்காலியுடன் கூடிய தொலைநோக்கி இருந்தால் நல்லது. இங்கே பறவைகள் பெரும்பாலும் நூறு மீட்டருக்கு அப்பால்தான் நிற்கும்.

தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், குறிப்பேடு, பென்சில் ஆகியவை கட்டாயம். உப்பளத்தில் ஒதுங்க மரம் கிடையாது. வெள்ளை உப்பும் நீரும் வெயிலைத் திருப்பி அடிப்பதால், தொப்பி அணிந்தவருக்கும் முகத்தின் கீழ்ப்பக்கம் கருகும். வார் வைத்த, நனைந்தாலும் கெடாத செருப்பே ஏற்றது.

5. உப்பளத்தை வாசித்தல்

சூரிய உதயம் ஜனவரியில் ஆறரை மணியைத் தாண்டித்தான். அதற்குக் கால் மணி நேரம் முன்பே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்பதரை மணிக்குப் பின் கானல் எழும்பிவிடும். அதன்பின் விலை உயர்ந்த தொலைநோக்கியிலும் பறவை நெளிந்துதான் தெரியும்.

வந்ததும் இருநோக்கியை எடுக்காமல், எந்தப் பகுதியில் என்ன தண்ணீர் நிற்கிறது என்பதைப் பாருங்கள். கடல்நீர் முதலில் வந்து தேங்கும் பெரிய தெப்பங்களில் உப்பு குறைவாக இருப்பதால் மீனும் இறாலும் உண்டு. கூழைக்கடா, கொக்கு, ஆலா ஆகியவற்றை அங்கே தேட வேண்டும். வெயிலில் சுண்டி உப்பு ஏறிய இடைநிலைத் தெப்பங்களில் மீன் பிழைக்காது. ஆனால் உப்புநீர் இறாலும் உப்பு ஈயின் புழுவும் பெருகும். பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் கொசு உள்ளானும் கூடுவது இங்கேதான். உப்பு படியும் கடைசிப் பாத்திகளில் உணவு அநேகமாகக் கிடையாது. அங்கே பறவை தெரிந்தால் அது வரப்பில் ஓய்வெடுக்கும் பறவையாகவே இருக்கும்.

உப்பளத்துக்காரர்கள் இந்த வேறுபாட்டை, நீரின் உப்படர்த்தியைக் காட்டும் மானியை மிதக்கவிட்டு 'டிகிரி' கணக்கில் சொல்வார்கள்: கடல்நீர் மூன்றரை டிகிரிக்குப் பக்கத்தில் உள்ளே வரும், ஏறத்தாழ இருபத்தைந்தைத் தாண்டியதும் உப்பு படியும். பாத்தி வேலையில் இருக்கும் ஓர் அக்காவிடம் "இந்தத் தண்ணி எத்தன டிகிரிக்கா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, அரை மணி நேரம் அலைந்து தேடுவதைவிட மேலானது. இடைப்பட்ட அளவைச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

அடுத்து ஆழத்தைப் பாருங்கள். கொசு உள்ளானின் கணுக்காலுக்குக் கீழுள்ள கால் நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். அது நீரின் விளிம்பை விட்டு உள்ளே போகாது. பவளக்காலி அதற்குச் சற்று உள்ளே நிற்கும். நெடுங்கால் உள்ளான் இன்னும் உள்ளே. பூநாரை எல்லாவற்றுக்கும் அப்பால். எனவே கரையிலிருந்து ஆழத்தை நோக்கி வரிசை வரிசையாகப் பார்த்துச் சென்றால் எதுவும் விடுபடாது. புதியவர்களின் கண் இளஞ்சிவப்பு நிறத்தைத் தேடி நேராகப் பூநாரைக்குத் தாவுகிறது. அதற்குள் கால்மாட்டில் மேய்ந்துகொண்டிருந்த முந்நூறு சிறு பறவைகள் எழும்பிப் போய்விடுகின்றன.

நெருங்கும் முறையில் அவசரம் கூடாது. வாகனத்துக்குள்ளிருந்து பார்ப்பதே சிறந்தது. பறவைகள் காருக்கும் ஆட்டோவுக்கும் அஞ்சுவதைவிட நிமிர்ந்து நடக்கும் மனிதருக்கே அதிகம் அஞ்சுகின்றன. நடந்துதான் போக வேண்டும் என்றால் நேராகப் போகாமல் சாய்வாகப் போங்கள். ஐம்பது, அறுபது மீட்டர் தொலைவில் நின்றுவிடுங்கள். மேய்ந்த பறவைகள் தலையை நிமிர்த்திக்கொண்டு ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அந்த நொடியே நான்கு அடி பின்வாங்கினால் மீண்டும் குனிந்து மேயும். மார்ச், ஏப்ரலில் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்கான கொழுப்பை அவை சேர்ப்பது இந்த மேய்ச்சலில்தான். படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுபவர்களை நான் இரண்டாம் முறை அழைத்துச் செல்வதில்லை.

தரை பற்றியும் ஒரு சொல். வரப்போரத்தில் வெண்மையாகக் காய்ந்து கிடக்கும் உப்புப் படலம் உறுதியான தரையைப்போல் தோன்றும்; அடியில் முழங்கால் ஆழத்துக்குக் களி இருக்கலாம். ஒரு முறை நான் அப்படிக் கால் வைத்து இறங்கி, கல்லில் சிராய்த்த காலோடு உப்புநீரில் நின்றேன். அந்த எரிச்சல் மாலை வரை விடவில்லை. தொழிலாளர்களின் கால்தடம் உள்ள வரப்பில் மட்டுமே நடங்கள்.

6. கலப்புக் கூட்டத்தைப் பிரித்து அறிதல்

நிறத்தில் தொடங்குவதே இங்கு நடக்கும் முதல் பிழை. வாடைக்காலத்தில் கரைப்பறவைகளில் பெரும்பாலானவை இனப்பெருக்கக் கால நிறத்தை உதிர்த்துவிட்டு மேலே சாம்பலும் கீழே வெள்ளையுமாக இருப்பதால், நிறம் அநேகமாக எதையும் சொல்லாது. அளவு, மேயும் விதம், அலகு, பறக்கும்போது தெரியும் வெள்ளை ஆகிய நான்கையும் இதே வரிசையில் பார்க்க வேண்டும்.

அளவுக்கு ஓர் அளவுகோல் பறவை தேவை. பவளக்காலியை முதலில் நன்கு பழகிக்கொள்ளுங்கள்: மைனாவைவிடச் சற்றுப் பெரிய உடல், செந்நிறக் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை. இதைத் தவறாக அடையாளம் காண்பது கடினம். கூட்டத்தில் இதைக் கண்டுபிடித்தபின், மற்றவை இதைவிடப் பெரியவையா சிறியவையா என்று பாருங்கள். சிட்டுக்குருவி அளவில் இருப்பது கொசு உள்ளானாகவோ சிறு உப்புக்கொத்தியாகவோ இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் வளைமூக்கு உள்ளான்.

அடுத்தது மேயும் விதம். உப்புக்கொத்திகள் கண்ணால் பார்த்து இரை பிடிப்பவை. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான்கள் அலகைச் சேற்றில் விட்டுத் துழாவுபவை; தலை நிமிராமல் மேய்ந்துகொண்டே நகரும். இருநூறு மீட்டர் தொலைவிலும், நிறமும் அலகும் தெரியாத நிலையிலும், இந்த ஒன்றை வைத்தே கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம். புதியவர்களைப் பத்து நிமிடம் கையேட்டைத் திறக்காமல் இதை மட்டும் பார்க்கச் சொல்வேன். அதன்பின் அவர்களுடைய பிழைகள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன.

பிறகு அலகு. பச்சைக்காலியும் சதுப்பு உள்ளானும் அடிக்கடி குழப்பம் தருபவை: பச்சைக்காலியின் அலகு பருத்துச் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும், சதுப்பு உள்ளானின் அலகு ஊசிபோல் மெலிந்து நேராக இருக்கும், உடலும் சிறியது. கோட்டான் என்று இங்கே சொல்வது ஆந்தையை அல்ல, நீண்ட அலகுள்ள கரைப்பறவையை: பெரிய கோட்டானுக்கும் சிறு கோட்டானுக்கும் அலகு கீழ்நோக்கியே வளைந்திருந்தாலும், சிறு கோட்டானின் தலையில் கரும்பட்டைகள் ஓடும். அதன் அலகும் குட்டை. மூக்கன்களில் கருவால் மூக்கனையும் பட்டைவால் மூக்கனையும் நிற்கும்போது பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், பறக்கட்டும். இறக்கையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை தெரிந்தால் கருவால் மூக்கன், தெரியாவிட்டால் மற்றது. சாம்பல் உப்புக்கொத்தி பறக்கும்போது அக்குளில் கருந்திட்டு தெரியும். வளைமூக்கு உள்ளானுக்கு வாலடி வெள்ளை.

மணல் உப்புக்கொத்திகளில் சிறியதையும் பெரியதையும் தொலைவிலிருந்து பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சவாலானது. போதாததற்கு, பழைய கையேடுகளில் ஒரே இனமாக அச்சான சிறிய மணல் உப்புக்கொத்தியை இப்போது சைபீரியம், திபெத்தியம் என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். முதல் பருவத்தில் "மணல் உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை.

கூட்டம் முழுவதும் திடீரென்று எழும்பிச் சுழன்றால் கூட்டத்தைப் பார்க்காதீர்கள். அதற்கு மேலே பாருங்கள். பொரி வல்லூறோ சேற்றுப் பூனைப்பருந்தோ வந்திருக்கும்.

7. பிற்பகலில் சேற்றுவெளியும் துறைமுகக் கரையும்

நண்பகலில் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மூன்று மணிக்குச் சேற்றுவெளியின் மேற்கு ஓரத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு, ஓரிடத்தில் அமர்ந்துவிடுங்கள்; அங்கிருந்து எழ வேண்டாம். நீர் ஏறுவதற்கேற்பக் காட்சி தானாக மாறும். பாறையும் கற்குவியலும் உள்ள ஓரங்களில் கல்திருப்பி உள்ளானையும் கரைக்கொக்கையும் தேடுங்கள்.

மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்து சேரும் நேரத்தில் செம்பருந்துகளும் கடற்காகங்களும் கழிவு மீனுக்காகக் கூடும். பழுப்புத்தலைக் கடற்காகத்தின் பெயர் புதியவர்களை ஏமாற்றுவதற்கென்றே வைத்ததுபோல் இருக்கிறது: நாம் பார்க்கும் மாதங்களில் அதன் தலை வெள்ளையாக, காதருகே ஒரு கரும்பொட்டுடன் இருக்கும். அந்தப் பொட்டையும், கருத்த இறக்கை நுனியில் உள்ள வெண்திட்டையும், வெளிறிய கண்ணையும் பாருங்கள். ஆலாக்களில் காகத்தைவிடப் பெரிதாக, தடித்த சிவப்பு அலகுடன் வருவது கஸ்பியன் ஆலா; பருத்த கரிய அலகு என்றால் பருத்த அலகு ஆலா. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் வழியை மறித்து முக்காலி விரிக்காதீர்கள். ஐஸ் பெட்டி தூக்கி வருபவர் நமக்காக ஒதுங்கிப் போக வேண்டிய அவசியமில்லை.

நேரம் மிஞ்சினால், அல்லது மறுநாள் இருந்தால், தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்குப் போகலாம். கோரம்பள்ளம் போன்ற நன்னீர்க் குளங்கள் வாத்துகளுக்கு ஏற்றவை: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து. மழை பொய்த்த ஆண்டில் குளத்துக்குப் போவதால் பயனில்லை.

8. எண்ணுதலும் பதிவு செய்தலும்

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயலாதீர்கள். பத்துப் பறவைகளைச் சரியாக எண்ணி, அவை அடைக்கும் இடத்தைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு, அதே அளவான துண்டுகள் கூட்டத்தில் எத்தனை என்று பாருங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் நூறு நூறாக. பழகாத கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும் என்பதால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிவிட்டுப் பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

காலையில் உப்பளத்தில் எண்ணிய அதே பறவைகள்தான் பிற்பகலில் சேற்றுவெளியில் நிற்கின்றன என்பதை மறந்து இரண்டையும் கூட்டிவிடுவது இங்கே மிகப் பொதுவான தவறு. ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பட்டியல் எழுதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஓதத்தின் நிலை ஆகியவற்றைக் குறியுங்கள். நாளின் மொத்தத்துக்கு ஒவ்வோர் இனத்திலும் பெரிய எண்ணை மட்டும் எடுங்கள். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு இணையதளத்தில் பதிவதானாலும் பட்டியல்களைச் சேர்க்காமல் தனித்தனியாகவே பதியுங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும், 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பிலும் புதியவர்களும் சேரலாம். ஒரு நாள் அனுபவசாலியின் பக்கத்தில் நின்று எண்ணுவது ஒரு பருவம் தனியாக அலைவதற்குச் சமம்.

காலில் வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள். எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்னென்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பறவையின் இடக்காலும் நம் இடப்பக்கமும் ஒன்றல்ல என்பதால் பறவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். எழுதிய விவரத்தை இந்தியாவில் பறவைகளுக்கு வளையமிடும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம்.

9. வீடு திரும்பியதும்

முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, திருகுகளைத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்; ஒரே இரவில் உப்பு பூட்டுகளை இறுக்கிவிடும். இருநோக்கியின் ஆடியில் படிந்த உப்புத்தூளை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பின் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அதன்பிறகே துடைக்க வேண்டும்.